தொண்ணூற்றொன்பது கொள்ளும் காம்பவுண்டு

ஏ பிளாக் மூன்றாவது மாடியில் திரவியத்தின் கதவில் மாட்டியிருந்த வயர் கூடைக்குள் ஐந்து பால் பாக்கெட்டுகள் சேர்ந்து புளித்து நாறிய பிறகுதான் அவர் இல்லை என்பது மற்றவர்களுக்குத் தெரிந்தது. ரொசாரியோ அண்ணாச்சி தோளால் மோதிக் கதவைத் திறந்தார். தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருந்தது, டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், தட்டில் பாதி கடித்த இட்லி கல்லாகிக் கிடந்தது, ஆள் இல்லை. யாரும் போலீசுக்குப் போன் பண்ணவில்லை, யாரும் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் எட்டிப் பார்க்கவில்லை, எல்லாரும் வரிசையாகப் படியிறங்கி, வண்டிகள் நிற்கிற மணலைத் தாண்டி, பி பிளாக் இரண்டாவது மாடிக்கு ஏறி, செந்தூர்பாண்டி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஏனென்றால் விதி அவனுடையது.

கதவைத் திறந்தவனுக்குப் பதினெட்டு வயது. பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன், வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவன். விளையாடுகிறவன் இல்லை, செய்கிறவன். இந்த வித்தியாசத்தை அந்தக் காம்பவுண்டில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கு அவனால் கடைசி வரை புரியவைக்க முடியவில்லை.

"எலே செந்தூரு, ஆளையுமா எண்ணுது ஒன் விளையாட்டு?" என்று கேட்டாள் மரியபுஷ்பம் அக்கா. மூச்சு வாங்கியது அவளுக்கு.

அவன் பொய் சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தான், அலுப்பாக இருந்தது. "ஆமாக்கா. குடம், விறகு, அரிசி மூட்டை மாதிரி ஆளும் அதுல ஒரு சாமான்தான்."

"எத்தனை ஆளு கொள்ளும்?"

"தொண்ணூத்தொம்பது."

எல்லாரும் படியில் நின்றபடியே விரல் விட்டு எண்ணினார்கள். நாலு பிளாக், முப்பத்திரண்டு வீடு, தொண்ணூற்றொன்பது பேர், போன ஞாயிற்றுக்கிழமை டி பிளாக் பிரேமாவின் மாமியார் சாத்தான்குளத்திலிருந்து ஒரு சாக்கு முருங்கைக்காயோடு வந்து இறங்கினாளே, அவளோடு நூறு. மாமியார் வந்தாள், திரவியம் போனார், தொண்ணூற்றொன்பது. பிரேமா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புதுசா வந்த ஆளுதான போகணும்? அவரு ஏம்ல போனாரு?"

"வந்த ஆளு போகாது. ரொம்ப நாளா எதைத் தொடலயோ அதுதான் போகும். அப்படித்தான் எழுதியிருக்கேன்." பிறகு அவனே கேட்டான்: "அவரக் கடைசியா யாரு தொட்டது?"

படியில் நின்றவர்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக இறங்கிப் போனார்கள்.

விதி வந்து அதற்குள் ஆறு மாதம் ஆகியிருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டால், ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது வாங்கிய பழைய லேப்டாப்பில் செந்தூர்பாண்டி ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தான், அதற்குக் 'காம்பவுண்டு' என்று பெயர், வேறு எந்த ஊரையும் அவனுக்குத் தெரியாததால் தான் குடியிருந்த தூத்துக்குடி ஹவுசிங் போர்டையே வரைந்திருந்தான். குழாயில் தண்ணீர் வரும், வீடுகள் பிடித்து வைக்கும், ஆட்கள் குடிப்பார்கள், விறகு வரும், எரியும், அரிசி வரும், தீரும். விளையாடுகிறவன் ஒவ்வொரு சாமானையும் ஆளையும் விரலால் தொட்டுத் தொட்டு வேலை வாங்க வேண்டும். முதலில் செய்ததைச் சினேகிதன் லிவிங்ஸ்டன் இரண்டு நாள் விளையாடிவிட்டு, "எலே, ஆயிரம் குடம் சேர்த்தாச்சு. இனி நான் என்ன புடுங்கணும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். செந்தூருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. வருவதற்கு ஒரு குழாய் இருந்தது, போவதற்கு ஒரு ஓட்டை இருந்தது, நடுவில் இருந்த தொட்டிக்கு மட்டும் விளிம்பு இல்லை, நிறைந்து வழியாத சாமானை எவன் திரும்பிப் பார்ப்பான்? அதனால் விளிம்பு வைத்தான். ஒரு வீட்டில் எந்தச் சாமானும் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் நிற்காது, மொத்தக் காம்பவுண்டில் ஆளும் அப்படித்தான், நூறாவது வந்தால் ரொம்ப நாள் தொடாத ஒன்று போய்விடும். ஏன் தொண்ணூற்றொன்பது என்றால், திரையின் மூலையில் எண் காட்டுவதற்கு அவன் வரைந்திருந்த பெட்டி சின்னது, இரண்டு இலக்கம்தான் அதற்குள் அடங்கும். அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. போகிற சாமான் மெல்ல மங்கி மறைகிற மாதிரி வரைய அவனுக்குத் தெரியாது, அதனால் அது ஒரு நொடி இருக்கும், அடுத்த நொடி இருக்காது.

லிவிங்ஸ்டன் மறுபடி விளையாடினான். இந்தத் தடவை திருப்பிக் கொடுக்கவே இல்லை.

விதியை எழுதிய மறுநாள் காலை குழாய்த் தண்ணீரோடு அதுவும் காம்பவுண்டுக்குள் வந்தது. மரியபுஷ்பம் அக்காவின் பைபிளுக்குள் நூற்றிருபது புனிதர் படம் இருந்ததில் தொண்ணூற்றொன்பது மிஞ்சியது, போன புனிதர்களிடம் தான் ஜெபித்ததே இல்லை என்று அவளே ஒத்துக்கொண்டாள். பிரேமாவின் வளையல் பெட்டி இலேசானது. பையன்களின் கோலிகள் குறைந்தன. ரொசாரியோ அண்ணாச்சி கஸ்டம்ஸில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலிருந்து சேர்த்த பேனாக்கள் குறைந்தன, எந்தப் பேனாவால் எழுதினாரோ அது இருந்தது, எதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாரோ அது போயிருந்தது. அரிசியைச் செந்தூர் மூட்டையாக எண்ணியிருந்ததால் அரிசிக்குச் சேதமில்லை, மணியாக எண்ணித் தொலைத்திருந்தால் காம்பவுண்டே பட்டினி கிடந்திருக்கும்.

ஒரு வாரத்தில் பழகிவிட்டது. காம்பவுண்டு எதற்குத்தான் பழகவில்லை, நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீருக்குப் பழகியது, கடற்பக்கமிருந்து வருகிற கந்தக நாற்றத்துக்குப் பழகியது, இதற்கும் பழகியது. காலையில் எழுந்ததும் பெண்கள் அலமாரியைத் திறந்து வேண்டிய சாமான்களை ஒரு தடவை தடவிவிட்டு மூடினார்கள், கரண்டியைத் தடவினார்கள், கல்யாண சேலையைத் தடவினார்கள், செத்துப்போனவர்களின் மூக்குக்கண்ணாடியைத் தடவினார்கள், வேண்டாததைத் தொடாமல் விட்டார்கள். வீடுகள் சுத்தமாயின. முக்கியமாகத் தண்ணீர். கீழ்வீட்டுக்காரர்கள் மோட்டார் போட்டு உறிஞ்சி ட்ரம் ட்ரம்மாக நிரப்புவார்கள், மேல்மாடிக்காரர்கள் குழாயில் வாயை வைத்து ஊதுவார்கள், அதில்தான் முன்பெல்லாம் மண்டை உடையும். நூறாவது குடம் தங்காது என்று தெரிந்ததும் ஒவ்வொருத்தராக மோட்டாரை நிறுத்தினார்கள், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மூன்றாவது மாடிக் குழாயில் தண்ணீர் தானாக ஏறி வந்தது. செந்தூர்பாண்டியை நடக்கும்போது நிறுத்தி முறுக்கு கொடுத்தார்கள். அவன் வாங்கித் தின்றான். அவன் செய்த ஒன்றை மனுஷர்கள் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

திரவியம் போன பிறகு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கூட்டம் போட்டார்கள்.

"வேணும்னா விதியை எடுத்துருதேன்" என்றான் செந்தூர். எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது, அதை மறைத்துக்கொண்டுதான் சொன்னான்.

பிரேமா, "அவரு பாவம்தான்" என்றாள். "ஆனா தண்ணி..."

"அதைச் சொல்லு" என்றார் ரொசாரியோ அண்ணாச்சி. அவர்தான் குடியிருப்போர் சங்கத் தலைவர். "போன வைகாசியில இதே இடத்துல எத்தனை மண்டை உடைஞ்சுது? இப்ப உடையுதா? ஒரு ஆளுக்காக முப்பத்தி ரெண்டு வீட்டையும் மாத்த முடியுமாய்யா? தொட்டா போச்சு. ஒருத்தரை ஒருத்தர் தொடதுக்கு நமக்கு என்ன கேடு?"

கை தூக்கச் சொன்னார். கைகள் உயர்ந்தன. விதி இருக்கட்டும் என்று முடிவானது. அன்றைக்குச் செந்தூர் இரண்டு தட்டு சோறு தின்றான். உண்மையைச் சொன்னால், திரவியத்தின் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவனுக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை.

அதிலிருந்து தொடுகை ஆரம்பித்தது. காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகள் யூனிபார்மோடு வீடு வீடாக ஏறி, அங்கே இருப்பவர்களின் முழங்கையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய்த் "தொட்டாச்சா?" என்று கேட்பது வந்தது. கேட்டில் ஒரு கரும்பலகை மாட்டி உள்ளே இருக்கிற ஆள் எண்ணிக்கையை ரொசாரியோ அண்ணாச்சி சாக்பீஸால் எழுதினார். விருந்தாளி வந்தால் கேட்டுக்கு வெளியே வேப்ப மர நிழலில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பார்த்தால் நல்ல ஊர் மாதிரிதான் இருந்தது, அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டார்கள், மருமகள்கள் மாமியார்களுக்குத் தலை வாரிவிட்டார்கள், ஆனால் உற்றுப் பார்த்தால் எல்லாருடைய கண்ணும் அடுத்தவனுடைய கையில்தான் இருந்தது. யாரை யார் உள்ளங்கையால் தொட்டார்கள், யாரை யார் ஒற்றை விரலால் தொட்டார்கள் என்று மாலையில் குழாயடியில் பேசினார்கள். டி பிளாக் ஐசக் தண்ணீர் லாரியை மறித்து வண்டியை நிறுத்தியதற்காக அவனை ஒரு வாரம் யாரும் தொடுவதில்லை என்று ஒரு பேச்சு, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, நாலு பிளாக்கிலும் பரவியது. மூன்றாம் நாள் ஐசக் கேட்டில் நின்று வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கைகொடுக்க வந்தான், ஆட்கள் பைக்குள் கையை விட்டுக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் அவன் அழுதான். அப்புறம் ரொசாரியோ அண்ணாச்சி போய் அவன் தோளில் கையை வைத்தார், ஐசக் அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் தண்ணீர் லாரியை யாரும் மறிக்கவில்லை.

தொட வந்த பிள்ளைகளைத் துரத்தியடித்தவர் ஒரே ஒருத்தர்தான். செந்தூர்பாண்டியின் அப்பா வெள்ளத்துரை.

"என்னை எவனும் எண்ணிக்கைக்காகத் தொட வேண்டாம். போங்கல!" என்று பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்தபடியே சத்தம் போடுவார். ட்ரெய்லர் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் துறைமுகத்துக்குள் வண்டியிலிருந்து கால் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டு விலகி, அன்றிலிருந்து நாற்காலியில்தான் இருந்தார், யாராவது கையைப் பிடித்தால்தான் எழுந்து நடப்பார், படியிறங்குவதென்றால் கேட்கவே வேண்டாம். அம்மா சண்முகக்கனி தினமும் காலையிலும் மாலையிலும் அவர் முதுகில் தைலம் தேய்த்தாள். அதுதான் அவருக்குத் தொடுகை. அதுவே போதும் என்று அவர் நினைத்தார்.

செந்தூர் பள்ளிக்கூடத்தை விட்ட அன்று அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. "இனி இவன் பேரு என் வாயில வராது" என்றார். வரவில்லை. பதினான்கு மாதம். இவனும் அவரை அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் அம்மா வழியாகத்தான் சண்டை போட்டார்கள்.

"ஏட்டி, ஒன் மவன் லைட்டை அணைக்காம போறான்."

"யம்மா, அந்த லைட்டு அவருக்குப் பேப்பர் வாசிக்கத்தான் எரியுதுன்னு சொல்லு."

"ஏட்டி, பேப்பரு நான் காலையிலயே வாசிச்சிட்டேன்னு சொல்லு."

"எனக்கு என்ன, நான் தபால்காரியா?" என்று அம்மா கரண்டியோடு நடுவில் வந்து நிற்பாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே திமிரு. ஒரு நாளைக்கு நான் இல்லாம போறேன், அப்ப என்ன செய்யுதியன்னு பாக்கேன்."

அந்த நாள் புரட்டாசியில் வந்தது. அக்கா ஜோதிகனி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், பிரேமாவின் மாமியார் ஊருக்குத் திரும்பியதில் இருந்த ஒரு இடமும் அவளோடு நிரம்பிப் பலகையில் மறுபடி தொண்ணூற்றொன்பது. வியாழக்கிழமை காலை வலி எடுத்தது, அம்மா தைலம் தேய்த்த கையைக் கழுவாமலே அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தொண்ணூற்றேழு. வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் செந்தூர் கடையில் இட்லி வாங்கி வந்து நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தான், அவர் தின்றார். பாத்ரூமுக்கு அவர் சுவரைப் பிடித்து, ஜன்னலைப் பிடித்து, கதவைப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். இவன் தன் அறையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் போகலாம் என்றுதான் இருந்தான். அவர் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரைக்கு அம்மா போன் பண்ணினாள்.

"எய்யா, வீட்டுக்கு அனுப்பிட்டாவ. நாலு மணிக்கு அங்க இருப்போம். நாலரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள பிள்ளைய வாசப்படி தாண்டிரணும், கேட்டியா? நாங்க மூணு பேரு உள்ள வந்தா நூறு. சி பிளாக் சுடலைமணி வீட்டு ஆளுவ நாலு பேரும் காலி பண்ணிப் போறாவ, ஆனா லாரி அஞ்சு மணிக்குத்தான் கிளம்புதாம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நீயும் அப்பாவும் வெளிய இருங்க. ரொசாரியோ அண்ணாச்சிகிட்டயும் சொல்லியாச்சு."

"நான் மட்டும் போனா போதாதாம்மா? ஒரு ஆளு குறைஞ்சா சரியாப் போயிரும்லா."

"ஒங்கப்பாவ நான் தொட்டு மூணு நாளாச்சுல. வேற ஒருத்தரும் தொடல, அவரு விடவும் இல்ல. எவனாவது இடையில பின் கேட் வழியா வந்தான்னா? நான் அந்த ஆளைப் பணயம் வச்சுப் பாக்க மாட்டேன். கையைப் பிடிச்சு மெதுவா இறக்கி டீக்கடையில கொண்டு உக்கார வையி. லாரி போனதும் ஏறி வாங்க."

"ம்."

"ம்முனா?"

"சரிம்மா."

"கையப் பிடிக்கணும். சட்டையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகக் கூடாது. கைய."

"சரிங்கேன்லா."

அவருக்கும் அம்மா போன் பண்ணியிருக்க வேண்டும், ஏனென்றால் மூன்று மணிக்குச் செந்தூர் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது அவர் லுங்கியை மாற்றி வேட்டி கட்டி, எட்டு மாதமாகப் போடாத வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவி, நாற்காலியின் விளிம்பில் தயாராக உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தார். இவனும் சொம்பைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டான்.

முப்பத்தி நாலு படி. ஞாயிற்றுக்கிழமை, நாலு பிளாக்கிலும் எல்லாரும் வாசலில் இருப்பார்கள். பதினான்கு மாதமாகப் பேரைச் சொல்லாத ஒரு ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி நின்று இறங்க வேண்டும், அத்தனை பேரும் பார்ப்பார்கள், மரியபுஷ்பம் அக்கா மேலேயிருந்து "அப்பாவும் மவனும் சேந்தாச்சா!" என்று கத்துவாள். அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான், கண்டுபிடித்தவுடன் சிரிப்பே வந்தது, இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை? விதியை எடுக்கத்தான் கூடாது, தண்ணீர் போய்விடும். விளிம்பை ஒரே ஒரு படி உயர்த்தினால் யார் கேட்கப் போகிறார்கள்? தொண்ணூற்றொன்பது என்று எழுதியிருந்த இடத்தில் நூறு என்று அடித்தான். எட்டு வினாடி வேலை. யாரும் எங்கேயும் இறங்க வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தான். விளையாட்டு ஓடியது. ஆனால் மூலையில் இருந்த பெட்டிக்குள் மூன்று இலக்கம் அடங்காமல் கடைசிச் சைபர் வெட்டுப்பட்டு, பத்து என்று காட்டியது. பார்க்கவே அசிங்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, பத்து என்று காம்பவுண்டு எடுத்துக்கொண்டால்? பெட்டியை அகலப்படுத்தினான். அகலமான பெட்டி போய்க் கேட்டை மறைத்தது. கேட்டை நகர்த்தினான். கேட்டை நகர்த்தினால் சுவர் விலகியது, சுவரை இழுத்தான், குழாய் அந்தரத்தில் நின்றது. செந்தூர்பாண்டிக்கு வேலை ஓடினால் காது அடைத்துவிடும். ஆனாலும் முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது கேட்டது. இருமல் கேட்டது. அப்புறம் அவர் சுவரிடம் சொல்கிற மாதிரி சொன்னதும் கேட்டது.

"மணி மூணே முக்கால் ஆகப்போவுது போல."

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். பாண்டி என்று அவர் முன்பு கூப்பிட்ட ஒரு வார்த்தை, அது வந்தால் எழுந்துவிடுவான், அது வரும் என்று ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தான். முன்னறையிலும் ஒரு ஆள் அப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவு, அதுவும் திறந்துதான் கிடந்தது. பிறகு அவன் குழாயைச் சுவரோடு சேர்த்தான்.

போன் அடித்தது. ரொசாரியோ அண்ணாச்சி. "என்னடே, ரெண்டு பேரும் வெளிய வந்தாச்சா? நான் கேட்ல நிக்கேன், ஒங்களக் காணலயே."

"பின் கேட் வழியா வந்துட்டோம் அண்ணாச்சி. டீக்கடையிலதான் இருக்கோம்."

"அப்பாவுமா?"

"ஆமா."

"நல்ல பிள்ள" என்றார் அவர். போனிலேயே பலகையில் சாக்பீஸ் தேய்கிற சத்தம் கேட்டது. தொண்ணூற்றைந்து என்று எழுதியிருப்பார்.

செந்தூர் கடைசித் தடவையாக ஓட்டினான். பெட்டி அகலமாக, நேராக, ஒரு கோணல் இல்லாமல் நின்றது. அதற்குள் நூறு என்கிற எண் முழுசாக, மூன்று இலக்கமும் மூச்சுவிட இடத்தோடு உட்கார்ந்திருந்தது. திரைக்குள் நூறு ஆட்கள் குடத்தோடும் விறகோடும் நடந்தார்கள், ஒருத்தர் குறையவில்லை, எண்ணிப் பார்த்தான், இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான். கீழே ஆட்டோ ஹாரன் கேட்டது, கேட் இரும்பு உரசிக்கொண்டு திறந்தது, "பொம்பளப் பிள்ளையா! மூக்கப் பாரு, அப்படியே வெள்ளத்துரைதான்!" என்று மரியபுஷ்பம் அக்கா நாலு பிளாக்குக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள், பிள்ளைகள் தடதடவென்று ஓடினார்கள், ஒரு சின்னக் குரல் பூனை மாதிரி அழுதது. "கொள்ளுது" என்றான் செந்தூர்பாண்டி லேப்டாப்பிடம். "கொள்ளுதுல்லா."

படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. அவன் எழுந்து முன்னறைக்கு வந்தான்.

நாற்காலி இருந்தது. ஸ்டூலில் மத்தியானத் தட்டு இருந்தது. பாத்ரூம் கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. அவன் பால்கனியைப் பார்த்தான், அடுப்படியைப் பார்த்தான், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தான். முதல் தடவையும் விதி எழுதிய அன்றைக்கு வரவில்லை, மறுநாள் காலைக் குழாய்த் தண்ணீரோடுதான் வந்தது, அது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நிமிர்ந்தபோது வாசலில் அம்மா நின்றாள், வேர்த்திருந்தாள், துணியில் சுற்றிய குழந்தையை நெஞ்சோடு பிடித்திருந்தாள், அவளுக்குப் பின்னால் அக்கா கைப்பிடிச் சுவரைப் பற்றி ஒவ்வொரு படியாக வந்துகொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள ஏம்ல ஏறி வந்த? லாரி இன்னும் நிக்குதே" என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது அவளுக்கு. "அப்பாவ அங்க தனியாவா விட்டுட்டு வந்த? பாவம், எழும்ப முடியாம உக்காந்திருப்பாவுல. சரி, இந்தா, முதல்ல இவளப் பிடி, நான் ஆரத்தி கரைக்கேன்."

குழந்தையை அவன் கையில் வைத்தாள். சூடாக இருந்தது. அது ஒரு கையை நீட்டி அவன் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது, அம்மா அடுப்படிக்குள் மஞ்சள் டப்பாவைத் தேடியபடியே, "கையப் பிடிச்சுத்தான இறக்குன?" என்று கேட்டாள்.

அவன் அறையிலிருந்து அந்த நாற்காலி ஏழு அடி தூரம். கையைப் பிடித்துக் கூட்டிப்போ என்றுதான் சொல்லியிருந்தாள், வேறொன்றும் சொல்லவில்லை. அவன் பிடிக்கவில்லை.